ஓர் ஊரில் மட்டும் கூடுதலாக விழுந்த பனி

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஊரிலிருந்து வரும் கடிதம் இரண்டு நாள் தாமதமானால், உறை ஒட்டியிருக்கும் ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் தபால்காரருக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று யோசிக்கும் நிதானம் வருவதற்குள், அந்த அப்பாவி மனிதரை ஒரு வாரம் முறைத்திருப்பேன். வீட்டுக்காரியம்மாள் மாடிப்படியில் நின்று “அறை சூடாக இருக்கிறதா?” என்று விசாரித்தால், அடுப்பில் நான் எத்தனை கரிக்கட்டி போடுகிறேன் என்று வேவு பார்க்கிறாள் என்றே தோன்றும்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை, மற்றவர்கள் எழுதி அனுப்பும் எண்களைச் சரிபார்ப்பது. அறுபதுகளின் பிற்பாதியில், சாவர்லாண்டு மலைகளில் இருக்கும் நீர்த்தேக்கங்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. பயிற்சிக்கு என்று வந்தவன் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். குளிர்காலம் முழுவதும் மலையில் எவ்வளவு பனி விழுந்தது என்று தெரிந்தால்தான், வசந்தத்தில் அது உருகி எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிட முடியும். அதற்காக ஒவ்வொரு மலை ஊரிலும் ஒருவர் எங்களுக்காகப் பனியை அளந்தார். ஆசிரியர், தபால் நிலைய எழுத்தர், மாடு வளர்ப்பவர் என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். வெள்ளைச் சாயம் பூசிய சதுரப் பலகை ஒன்று முற்றத்தில் கிடக்கும். காலை ஏழு மணிக்கு அதன்மேல் விழுந்திருக்கும் புதுப்பனியில் அளவுகோலைச் செங்குத்தாகக் குத்திப் பார்த்து, எண்ணை எழுதிவிட்டு, பலகையைத் துடைத்து, பனியின் மேல்மட்டத்திலேயே மறுபடி வைக்க வேண்டும். மாதக் கடைசியில் ஓர் அட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்புவார்கள். கூட்டிப் பார்ப்பவன் நான்.

கூட்டுவேனே தவிர, அந்தப் பனியின் மீது எனக்கு நம்பிக்கை வரவில்லை. டோர்ட்மண்டில் காலையில் விழுந்தது மதியத்துக்குள் கரித்தூளோடு கலந்து சேறாகிவிடும். ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் அதே நாளில் வேலிகள் மறைந்திருக்கும். மேற்குக் காற்று வந்தால் மலையின் இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், முகட்டுக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு மிச்சம் மீதிதான். கிழக்குக் காற்று வந்தால் வடக்கே கடலோரம் பனியில் மூடிக்கொள்ளும், எங்கள் மலைகள் வெறுமனே குளிரும். ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்குப் புல் தெரியும். அடுத்த வருடம் நவம்பரிலேயே பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். இப்படி இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறுகிற ஒன்றை வைத்துக்கொண்டு யார் என்ன எழுதினாலும் எப்படிப் பிடிப்பது? யாருக்கும் புளுக மிகவும் வசதியான பொருள் இது என்றுதான் எனக்குப் பட்டது.

இந்த எண்ணம் சும்மா வந்ததல்ல. ஊரில் நான் பார்த்த முதல் வேலை மழைக் கணக்கு. ஒருமுறை ஒரு சிற்றூருக்குச் சோதனைக்குப் போனேன், பெயர் வேண்டாம். மழைமானிக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. மூன்று முட்டைகள் வேறு. பதிவேட்டில் முந்தின நாள் வரைக்கும் மழை ஒழுங்காகப் பெய்திருந்தது. ஒரே மை, ஒரே சாய்வு, ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. டீக்கடையில் ஒரே மூச்சாக உட்கார்ந்து மாதம் முழுவதையும் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு பதிவேடு சுத்தமாக இருந்தால் அதை இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பேன்.

அந்த மலை ஊரின் அட்டை அப்படித்தான் சுத்தமாக இருந்தது. ஊர், மேலே ஒரு கிளைச் சாலையின் முடிவில் இருபது முப்பது வீடுகள். அளப்பவர் ஒரு பெண்மணி. ஒரே நீல மை, அச்சடித்தாற்போல் எண்கள். பக்கத்து ஊர்களின் அட்டைகளில் காபிக் கறையும் அடித்தலும் திருத்தலும் இருக்கும். இவருடையதில் ஈ உட்கார்ந்த தடம்கூட இல்லை. சரி, சுத்தம் குற்றமில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் அவருடைய பனிதான் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக விழுந்தது. பழைய அட்டைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் அந்த ஊரும் பக்கத்து ஊரும் ஏறக்குறைய சேர்ந்தே போயிருந்தன. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்புதான் இவருடைய கூட்டுத்தொகை தனியாக ஏற ஆரம்பித்திருந்தது. பனி அதிகமான வருடத்திலும் ஏற்றம், குறைந்த வருடத்திலும் ஏற்றம்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு அந்த ஊரில் என்ன நடந்தது? கோப்புகளைக் கிளறினேன். மாட்டிக்கொண்டது. அந்த வருடம் ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. அதிகப் பனி விழும் ஊர்கள் என்று எங்கள் அலுவலகம் தயாரிக்கும் பட்டியலைப் பார்த்துத்தான், பனி தள்ளும் வண்டி எந்தச் சாலைக்கு முதலில் போக வேண்டும் என்று மாவட்டத்தில் முடிவு செய்வார்கள். தங்கள் ஊரையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். காரணம், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலில் கல்தூசி அடைத்துப்போன ஒருவர் அங்கே குடிவந்திருக்கிறார், வாரத்துக்கு இரண்டு நாள் சிகிச்சைக்கு அவரைக் கீழே நகரத்துக்குக் கொண்டுபோக மருத்துவமனை வண்டி மேலே வர வேண்டும், சாலை திறந்திருந்தால்தான் வரும். அளவுகள் ஏறியதும் ஊர் பட்டியலில் சேர்ந்தும் விட்டது. விண்ணப்பத்தில் இருந்த வீட்டு எண்ணும் பனி அட்டையில் இருந்த வீட்டு எண்ணும் ஒன்று. நோயாளி, அளக்கிற பெண்மணியின் கணவர்.

எனக்கு ஏற்பட்டது இரக்கமல்ல. கண்டுபிடித்துவிட்டேன் என்ற குஷி. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

பக்கத்து நகரமான வுப்பர்டாலில் சாயத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த மதுரை நண்பன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரசம் வைக்க என் அறைக்கு வருவான். அவனிடம் பெருமையாகச் சொன்னேன்.

“டேய், நீ இன்ஜினியர் இல்லடா, சிஐடி,” என்றான். “அந்தம்மாவை நேர்ல பாத்தியா?”

“பாக்கணுமா என்ன? நம்பர் சொல்லுதே.”

“ஃபர்ஸ்ட் போய்ப் பாரு. அப்புறம் ரிப்போர்ட் எழுது. ஆர்டரை மாத்தாத.”

மாற்றினேன். பட்டியல் அனுப்ப வேண்டிய அக்டோபர் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று ஒரு குறிப்பு எழுதி எங்கள் பிரிவின் தலைவரிடம் வைத்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். வாசித்துவிட்டு, “உறுதியாகத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். பட்டியலிலிருந்து ஊர் நீக்கப்பட்டது. குளிர்காலத்தில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும், அளக்கும் நிலையத்தையே மூடிவிடலாம் என்று பேசி முடித்தோம்.

ஜனவரியில், சொல்லாமல் கொள்ளாமல் போனேன். சொல்லிவிட்டுப் போனால் மானியிலிருந்து குருவிக்கூட்டை எடுத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். பேருந்து பெரிய சாலையில் இறக்கிவிட்டது. மேலே போகும் கிளைச் சாலையில் வண்டி வந்திருக்கவில்லை, முழங்கால் அளவு பனி. நடுவில் மட்டும் இரண்டு மெல்லிய கோடுகளும் அவற்றுக்கிடையே ஒரு ஜோடிக் காலடிகளும் இருந்தன. யாரோ சறுக்குப் பலகை வண்டியை இழுத்துப் போயிருக்கிறார்கள். விறகாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்தத் தடத்திலேயே மிதித்து ஏறினேன்.

ஊர் விடுதியில் தங்கி, மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டுக்கு எதிரே தேவாலயச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். ஏழு அடிக்கவும் கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும், தலையில் துணி கட்டிய, உயரமான பெண்மணி. முற்றத்துக்கு வந்து மண்டியிட்டு, கண்ணை அளவுகோலின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். எழுதினார். துடைத்தார். போனார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஆனால் பனி விடாமல் விழுந்துகொண்டிருந்தது, நானும் விடவில்லை. விடுதி ஜன்னலிலிருந்து முற்றம் தெரிந்தது. நண்பகலில் அவர் மறுபடி வெளியே வந்தார். அளந்தார், எழுதினார், பலகையைத் துடைத்தார்.

துள்ளி எழுந்தேன். அகப்பட்டுவிட்டாள்! ஒரே நாளின் பனியைப் பிய்த்துப் பிய்த்து அளந்து கூட்டுகிறாள். சாலையைக் கடந்து போய்க் கதவைத் தட்டினேன்.

யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அலுவலகத்திலிருந்து இதுவரை ஒருவர்கூட வந்ததில்லையாம். உள்ளே அழைத்து, அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவரிடம், “பார், நம் அட்டைகளை வாசிப்பவர் வந்திருக்கிறார்,” என்றார். அவர் கையை நீட்டினார். பேச நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. காபி வந்தது. நான் காபியைத் தொடாமல் கேட்டேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை முறை பலகையைத் துடைக்கிறீர்கள்?”

“பனி விழுந்துகொண்டிருக்கும் நாளில் மூன்று முறை. காலை, நண்பகல், மாலை.”

“மூன்றையும் கூட்டி எழுதுகிறீர்கள்.”

“ஆமாம்.”

“யார் அப்படிச் செய்யச் சொன்னது?”

“நீங்கள்தான்,” என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து காகிதக் கோப்பு ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு தாளை எடுத்து என்முன் வைத்தார்.

எங்கள் அலுவலகத்தின் வழிமுறைத் தாள். பழையது கிழிந்துபோனதால் புதிதாகத் தட்டச்சு செய்யும்படி, நான் சேர்ந்த முதல் வருடத்தில் என்னிடம் கொடுத்திருந்தார்கள். கடைசி வரிக்கு முந்தின வரியைப் படித்தேன். விடாமல் பொழியும் நாட்களில் பலகையைக் காலை, நண்பகல், மாலை என மும்முறை அளந்து துடைத்துக் கூட்டுத்தொகையை எழுதவும். பழைய தாளில் அந்த வரி கிடையாது. நான் சேர்த்தது. ஊரில் ஐப்பசி மழையின்போது மானி நிரம்பி வழிந்துவிடாமல் இருக்க அப்படித்தான் செய்வோம், மூன்று முறை அளந்து ஊற்றிவிட்டுக் கூட்டுவோம். அந்த நல்ல பழக்கத்தை ஜெர்மானியர்களுக்கும் சொல்லிக்கொடுப்போமே என்ற மிதப்பு அன்று எனக்கு.

கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மழை வேறு... பனி வேறு. பனி உட்காரும். புது மெத்தை மாதிரி. காலையில் விழுந்தது... மாலைக்குள் தன் கனத்திலேயே இறங்கிவிடும். ஒருமுறை அளந்தால் ஒரு கணக்கு... மூன்று முறை துடைத்து அளந்தால் கூடத்தான் வரும். நான் அப்போதே சொன்னேன். இவள்தான், அலுவலகத்தில் எழுதியிருக்கிறார்கள்... அவர்களுக்குத் தெரியாதா என்றாள்.”

மழை அமுங்காது. அது எனக்குத் தெரியும். பனி அமுங்கும் என்பதை, பனியைக் கூட்டிக் கூட்டி இரண்டு வருடம் சம்பளம் வாங்கியவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அட்டை ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அப்போதும் கேட்டேன், கடைசித் துரும்பையும் விடக்கூடாது என்று. தினமும் பென்சிலால் எழுதிய சின்ன நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஓரமெல்லாம் நனைந்து உப்பியிருந்தது. மாதக் கடைசியில் அதைப் பார்த்து நல்ல பேனாவால் பிரதி எடுப்பாராம். “உங்களுக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கக்கூடாதே,” என்றார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள், இந்த வருடம் பனி வண்டி ஏன் வரவில்லை என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று அவரே கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் கணவரைச் சறுக்கு வண்டியில் உட்காரவைத்துப் பெரிய சாலைவரை அவரே இழுத்துப் போகிறாராம், மருத்துவமனை வண்டி அங்கே நிற்குமாம். நான் மிதித்து வந்த தடம் விறகுத் தடமல்ல. விசாரிக்கிறேன் என்றேன். பிறகு அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். “இந்தத் தாளை நான் எடுத்துக்கொள்ளலாமா? கோப்புக்காக,” என்று கேட்டேன். தாராளமாக என்று மடித்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போது நண்பன் அந்தத் தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் படித்தான்.

“எந்த ஃபைலுக்குடா?” என்றான் கடைசியில்.

“என் வீசா இந்த வருஷம் ரின்யூ ஆகணும். வேலை போச்சுன்னா எல்லாம் போச்சு.”

“சரி. அப்ப இதை ஸ்டவ்ல போட்டுடு. அந்தம்மாகிட்ட இருந்தது இந்த ஒரு காப்பிதானே. யாருக்குத் தெரியப்போகுது?” என்று அடுப்பின் கதவைத் திறந்தே பிடித்தான். அவன் கேலி செய்கிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்று அவன் மேலும் எனக்குச் சந்தேகம். நான் போடவில்லை. நல்லவனாக இருந்ததால் அல்ல, மற்ற ஊர்க்காரர்களிடமும் அதே தாள் இருக்குமே என்ற பயத்தால். மறுநாள் இரண்டு ஊர்களுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். ஒருவர் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. இன்னொருவர் படித்துவிட்டு, “ஏதோ அலுவலகப் பைத்தியக்காரத்தனம் என்று விட்டுவிட்டோம், எப்போதும்போல் காலையில் ஒருமுறைதான் அளக்கிறோம்,” என்று சிரித்தார். நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்பிச் செய்தவர் மலை முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் நான் பொய்க்காரி என்று எழுதியிருந்தேன்.

தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். பிப்ரவரி தொடக்கத்தில் அவருடைய அட்டை வந்தது. இம்முறை எண்கள் இரண்டு பத்திகளாக இருந்தன. கூடவே ஒரு சிறு குறிப்பு. நீங்கள் வந்தபோது ஏதோ சரியில்லை என்று உங்களுக்குப் பட்டதாகத் தோன்றியது. அதனால் இரண்டாவதாக ஒரு பலகை போட்டிருக்கிறேன். ஒன்றை உங்கள் தாளின்படி மூன்று முறை துடைக்கிறேன், மற்றதை ஒருமுறை. எது சரி என்று எழுதினால் அதன்படி செய்கிறேன்.

இரண்டாம் பத்தியைப் பக்கத்து ஊரோடு வைத்துப் பார்த்தேன். பழைய வருடங்களைப் போலவே சேர்ந்து போனது. கணவரை இழுத்துக்கொண்டு போய் வரும் வாரத்தில், யாரும் கேட்காமல், இன்னொரு பலகையையும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அலுவலகக் கழிவறையில் போய் நின்றேன்.

பிறகு தலைவரின் அறைக்குப் போய், தாளையும் அட்டையையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கையெழுத்தைத் தாளின் அடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். “நான் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்,” என்றார். “உங்களைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.” திட்டியிருந்தால் தேவலை. அன்றே மாவட்டத்துக்குப் பேசினார். வண்டிகளின் பாதை இந்தக் குளிர்காலத்துக்கு முடிவாகிவிட்டது, அடுத்த வருடம் சேர்க்கிறோம், சரியான அளவுகளின்படி பார்த்தாலும் ஊர் பட்டியலின் விளிம்பில் வருகிறது என்று பதில் வந்தது. என் வேலை போகவில்லை. வீசாவும் கிடைத்தது.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். மாலை அளவு முடிந்த நேரம், அந்தப் பெண்மணி சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். வரியைச் சேர்த்தது நான், ஊரைப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்ததும் நான், நீங்கள் எண்களைப் புளுகுகிறீர்கள் என்று எழுதியது நான். கணவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்மணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் ஒன்று மட்டும் கேட்டார்.

“கோப்புக்காக என்றுதானே அந்தத் தாளை வாங்கிப் போனீர்கள்?”

காலையில் வண்டியை நான் இழுக்கிறேன் என்றேன். ஏழு மணிக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் பனி நின்றிருந்தது. முற்றத்தில் சறுக்கு வண்டி தயாராக இருந்தது. அவர் தன் கணவரின் கால்களைப் போர்வையால் சுற்றி, கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கை ஓயவில்லை, நேரமோ ஏழாகிவிட்டதே என்று, நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். அவர் செய்தது போலவே மண்டியிட்டு, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பொறுமையாகப் பார்த்தேன்.

“பதினொரு சென்டிமீட்டர்,” என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என் கையிலிருந்து அளவுகோலை வாங்கிக்கொண்டு, நான் குத்திய இடத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மறுபடி அளந்தார். பதினொன்றுதான். அதன் பிறகே எழுதினார்.